அவசரப் பிரிவுக்குப் போகும்போது: பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாக 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை என்னால் மறக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி. "வாயு பிடிச்சிருக்கும்மா, நெஞ்ச அடைக்குது" என்று தாத்தா சொன்னார். கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. பேத்தி தனக்குத் தெரிந்த மலாயில் "அங்கின்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். வாயு என்றால் காற்று, காற்று என்றால் அங்கின். பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் "நெஞ்ச அடைக்குது" என்பது வழியிலேயே விழுந்துவிட்டது. வயிற்று உப்புசம் என்று பதிவாகி, தாத்தா, காத்திருக்கலாம் என்பவர்களுக்கான பச்சைப் பகுதியில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் நடந்துபோனது தற்செயல். சட்டை முழுக்க வியர்வை, இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு.

அவர் பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பிறகு வரும். அவசரப் பிரிவு மருத்துவருக்கு முதலில் கிடைப்பது நீங்கள் சொல்லும் நாலு வரிதான். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து எடுக்கிறார் என்ற நாலு வரி சரியாக இருந்தால் மற்ற எல்லாம் சீக்கிரம் நடக்கும். இந்த வழிகாட்டி அந்த நாலு வரிக்காகத்தான். நோயாளி நலமாக இருக்கும் ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: இன்றைக்கே ஒரு தாள் எழுதி வையுங்கள்

"அப்பா என்ன மருந்து சாப்பிடுறாரு?" என்று கேட்டால் பத்தில் எட்டுக் குடும்பம் சொல்லும் பதில், "சர்க்கரைக்கு ஒன்னு, பிரஷருக்கு ஒன்னு, அப்புறம் ஒரு சின்ன மாத்திரை." அந்தச் சின்ன மாத்திரை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினாக இருந்தால், கீழே விழுந்து தலையில் அடிபட்டவருக்குச் செய்யும் வைத்தியமே மாறிவிடும்.

அதனால் ஒரு தாளில் இவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதைப் படமெடுத்து வையுங்கள். பெயர், ஐசி எண், இருக்கும் நோய்கள், மருந்துகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, செய்த அறுவை சிகிச்சைகள், வழக்கமாகப் போகும் கிளினிக், வீட்டு முகவரி. முகவரியில் புளோக், மாடி, அருகில் இருக்கும் கோவிலோ பள்ளியோ சேர்த்து எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணையே மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் செய்பவர் என்றால் கடைசியாக என்றைக்குச் செய்தார், எந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கிறது என்பதும் வேண்டும். அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது. ஒரு வாரத்தில் ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போனவர் "உடம்பு தளர்வா இருக்கு" என்று வந்தால் நாங்கள் உடனே ஈ.சி.ஜி. எடுப்போம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம் என்பதுதான் காரணம்.

இன்னும் ஒன்று, சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். நாட்டு மருந்து, ஜாமு என்ற மூலிகை மருந்து, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி மாத்திரை, ஆண்மைக்கான மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பெயரில்லாத மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம். ஆண்மை மாத்திரை சாப்பிட்டிருப்பவருக்கு நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். மகன் முன்னால் சொல்ல அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தால், மகன் கொஞ்சம் வெளியே நிற்கட்டும்.

படி 2: 999 அழைப்பதா, சொந்தக் காரில் போவதா

நம் ஆட்களுக்கு ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதை விடக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் நிம்மதி. கைகால் சுளுக்கு, காய்ச்சல், சிறு வெட்டு என்றால் காரிலேயே போகலாம். நெஞ்சு அடைப்பு, மூச்சுத் திணறல், நினைவில்லாமை, நிற்காத வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுதல், நிற்காத ரத்தப்போக்கு, உயரத்திலிருந்து விழுந்து கழுத்து வலி என்றால் 999 அழையுங்கள். ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் நெரிசலில் நிற்கும்போது பின் இருக்கையில் அப்பாவின் இதயம் நின்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்சில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியும் ஆக்சிஜனும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இருப்பார்கள்.

நெஞ்சுவலி வந்தவர் தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விடாதீர்கள்.

999 அழைத்தால் முதலில் எடுப்பவர் மருத்துவமனைக்காரர் இல்லை. போலீஸ், பொம்பா (தீயணைப்பு), ஆம்புலன்ஸ் எது வேண்டும் என்று கேட்டு இணைப்பைத் திருப்பிவிடுவார். அந்த இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். இரண்டாவது ஆளிடம் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு நடந்ததை. லைன் பாதியில் போனாலும் இடம் தெரிந்தால் வண்டி வந்துவிடும். அவர் கேட்கும் கேள்விகள் நேரத்தை வீணாக்க இல்லை. நீங்கள் பேசும்போதே வண்டி புறப்பட ஏற்பாடு நடக்கும், நெஞ்சை எப்படி அமுக்குவது என்பதையும் போனிலேயே சொல்லித் தருவார்.

அப்புறம், வீட்டில் மீதி இருப்பவர்களை வேலைக்கு அனுப்புங்கள். ஒருவர் சாலை முனையில் நிற்கட்டும். ஒருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். கொண்டோவாக இருந்தால் காவலருக்குச் சொல்லிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் வாசல் விளக்கைப் போடுங்கள், நாயைக் கட்டுங்கள்.

பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. பட்டர்வொர்த்திலோ பிறையிலோ வீடு. ஆனால் அப்பாவின் பழைய ஃபைல் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று, பக்கத்தில் இருக்கும் செபராங் ஜெயா மருத்துவமனையைத் தாண்டிப் பாலம் ஏறுவார்கள். முதல் பாலமே 13.5 கிலோமீட்டர். நடுப்பாலத்தில் ஒரு விபத்து என்றால் முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. உயிர் ஆபத்தில் பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுதான் சரி. தேவையென்றால் அங்கிருந்து அவர்களே பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள், அதுவும் வழியில் கவனித்துக்கொள்ள ஆளோடு.

தனியார் மருத்துவமனைதான் அருகில் என்றாலும் தயங்க வேண்டாம். தனியார் சுகாதார வசதிகள் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம், உயிர்காக்கும் முதல் சிகிச்சையைத் தேவைப்படும் எவருக்கும் தர அவை தயாராக இருக்க வேண்டும் என்கிறது. ஜி.எல். என்ற கட்டண உறுதிக் கடிதம், டெபாசிட் பேச்செல்லாம் நோயாளி நிலைபெற்ற பிறகு.

படி 3: வண்டி வரும்வரை

நெஞ்சு அடைப்பு: நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்கவும் விடாதீர்கள். சாய்ந்து உட்காரட்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர் இல்லையென்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். போனில் இருப்பவரிடம் கேட்டுக் கொடுங்கள், கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர், ஓமம், இஞ்சி, தைலம் என்று ஒரு மணி நேரம் போக்குவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத் தசை அந்த ஒரு மணி நேரமும் செத்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, மேல்வயிற்றில் பாரம், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் தெரியும். அம்மா "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சமையலை முடித்துவிட்டு வருவார். அந்த "என்னமோ மாதிரி"யை நம்புங்கள்.

பக்கவாதம்: வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று போதும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். காலை 6 மணிக்கு எழுந்தபோதே கை விழுந்திருந்தது என்றால், "நேத்து ராத்திரி 10 மணிக்குப் படுக்கப்போகும்போது நல்லா பேசினாரு, 3 மணிக்கு எழுந்து பாத்ரூம் போனப்போ நல்லா நடந்தாரு" என்று சொல்லுங்கள். அந்த 3 மணி ஒருவருக்குக் கையையும் பேச்சையும் திருப்பித் தரலாம். நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்து வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். பெரிய ரத்தக்குழாய் அடைப்பை உள்ளே குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படும். வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீரும் பிரஷர் மாத்திரையும் கூட வேண்டாம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போகும். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் குத்த வேண்டாம். பத்து விரலையும் குத்திவிட்டு நேரத்தைத் தொலைத்து வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை இறங்குதல்: இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். உடம்பு நடுக்கம், வியர்வை, கோபம், உளறல், பிறகு மயக்கம். சில சமயம் பக்கவாதம் போலவே ஒரு பக்கம் கை விழும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். 4க்குக் கீழே (mmol/L அலகில்) என்றால் குறைவு. முழு நினைவோடு விழுங்க முடிந்தால், அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சீனி இல்லாத பானம் உதவாது, சாக்லேட் மெதுவாகத்தான் ஏற்றும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999தான்.

எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டார், இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று நினைப்பீர்கள். கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு, அதிலும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், மருந்து உடம்பிலேயே தங்கி மறுபடி மறுபடி சர்க்கரையை இறக்கும். இரவில் தூக்கத்திலேயே நடக்கும். அதனால் வந்துவிடுங்கள்.

தைப்பூசத்தில் இது அதிகம் கண்ணில் படும். விரதம் இருப்பார், ஆனால் மாத்திரையை வழக்கம்போலப் போடுவார். ரதத்தோடு வெயிலில் நடந்து, தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படியும் ஏறும்போது சர்க்கரை தாங்காது. விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளலாம், சாமி குற்றம் ஒன்றும் ஆகாது. காவடி எடுப்பவர் கூட வரும் ஒருவர் சட்டைப்பையில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும்.

வலிப்பு: பக்கவாட்டில் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள நாற்காலி மேசையை நகர்த்துங்கள், கைப்பேசியில் நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது கெடுதல் செய்யாது, ஆனால் வலிப்பை நிறுத்தவும் செய்யாது. வாயில் கரண்டி வைப்பது கெடுதல். பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் போகும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்நாளில் முதல் வலிப்பு என்றாலோ உடனே 999. முடிந்தால் யாராவது ஒருவர் வீடியோ எடுங்கள். அது மருத்துவருக்கு உங்கள் வர்ணனையை விட அதிகம் சொல்லும்.

தீக்காயம்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, கிச்சாப், மஞ்சள் எதுவும் வேண்டாம். தீபாவளி முறுக்கு எண்ணெய் கொட்டினாலும் இதேதான்.

மூச்சே இல்லை என்றால்: தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பது போல எப்போதாவது ஒரு இழுப்பு. அந்த இழுப்பு மூச்சு இல்லை. 999 அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6க்கு மிஞ்சாமல் அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயில் ஊதத் தெரியாவிட்டால் அமுக்கினால் போதும். கை ஓய்ந்துபோகும், அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். முறிந்த விலா சேர்ந்துகொள்ளும்.

படி 4: வாசலில் நிறம் பிரிப்பது

நம் மக்களுக்கு அவசரப் பிரிவின் மீது வரும் கோபத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. "நாங்க முதல்ல வந்தோம், பின்னால வந்தவங்களை ஏன் உள்ளே விட்டீங்க?" வாசலில் ஒரு மருத்துவ உதவியாளரோ தாதியோ உங்களைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார். சிவப்பு என்றால் உயிர் இப்போதே ஆபத்தில். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டும், பச்சை என்றால் காத்திருக்கலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வரிசை, தனி மருத்துவர்கள். பச்சையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், உயிர் உடனே போகும் ஆபத்து இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அது மாறக்கூடியது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாத்தாவைப் போல நிறம் தப்பாகவும் போகலாம், உட்கார்ந்திருக்கும்போதே நிலைமை மோசமாகவும் ஆகலாம். வலி கூடினால், வியர்த்தால், குழம்பிப் பேசினால், மூச்சு வாங்கினால் மறுபடி கவுண்டருக்குப் போய் "இப்போது மாறிவிட்டது, திரும்பப் பாருங்கள்" என்று கேளுங்கள். அது தொந்தரவு இல்லை, நாங்கள் கேட்க விரும்பும் செய்தி அது. சத்தம் போட வேண்டாம். என்ன மாறியது என்று சொன்னால் போதும்.

படி 5: எப்படிச் சொல்வது

தமிழ் நோயாளிகளைப் பார்ப்பதில் மருத்துவர்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் மொழிதான். நம் பெரியவர்கள் வலியைச் சொல்லும் முறை அழகானது. "குடையுது", "பிசையுது", "சுருக்குன்னு குத்துது", "விண்ணு விண்ணுனு தெறிக்குது." ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை எல்லாவற்றையும் "சாகிட்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான சொல் "மயக்கம்". தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், தூக்கக் கலக்கமும் மயக்கம், நினைவே இல்லாமல் கிடந்தாலும் மயக்கம். மலாயில் தலைசுற்றல் "பெனிங்", நினைவு தப்பி விழுவது "பெங்சான்". பெங்சான் ஆன ஒருவரை பெனிங் என்று சொன்னால் அவர் பச்சையில் உட்காருவார். விழுந்தாரா, கூப்பிட்டபோது பதில் சொன்னாரா, எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று நடந்ததைச் சொல்லுங்கள், பெயர் வைக்காதீர்கள். "வாயு" என்ற சொல்லையும் அன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து, எங்கே பரவுகிறது என்பது போதும்.

கையில் வைத்துக்கொள்ளச் சில மலாய்ச் சொற்கள்: நெஞ்சு வலிக்கு "சாகிட் டாடா", மூச்சுத் திணறலுக்கு "செசாக் நஃபாஸ்", வலிப்புக்கு "சாவான்", சர்க்கரை நோய்க்கு "கென்ச்சிங் மானிஸ்", ரத்த அழுத்தத்துக்கு "டாரா திங்கி", ஒவ்வாமைக்கு "அலாஹான்", ஒரு பக்கம் பலமில்லை என்பதற்கு "லெமா செபெலா பாடான்". பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள், தனியாக இருக்கும்போது வந்தால் அவரேதான் சொல்ல வேண்டும்.

கூட வருபவர் யார் என்பதும் முக்கியம். ஏழு பேர் வந்தால் ஏழு கதை வரும். நடந்ததை நேரில் பார்த்தவர் ஒருவர் பேசட்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் பார்த்தார் என்றால் அவரையே அழைத்து வாருங்கள். குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள், அதிலும் பெண்களின் மாதவிடாய், கர்ப்பம் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில். இளம் பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலி என்றால் கர்ப்பமா என்று நாங்கள் கேட்டே ஆக வேண்டும். அது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி இல்லை. கரு குழாயில் தங்கி வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டி உயிர் போகும். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். பினாங்கு மருத்துவமனைகளில் பெரும்பாலும் யாராவது கிடைப்பார்கள்.

படி 6: மறைக்கக் கூடாத ஒன்று

வீட்டில் ஒருவர் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள எதையாவது குடித்துவிட்டார் என்றால், குடும்பம் முதலில் போலீசை நினைத்துப் பயப்படுகிறது. "தெரியாம குடிச்சிட்டா" என்று சொல்கிறார்கள், சில சமயம் விடியும்வரை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது. இப்போது அது மருத்துவ உதவி தேவைப்படும் ஒரு துன்பம். பயப்படாமல் வாருங்கள்.

எதைக் குடித்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைச் சொல்லி, பாட்டிலையோ அட்டையையோ கூடவே கொண்டு வாருங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சிலவற்றில் முதல் நாள் ஒன்றும் தெரியாது, மாற்று மருந்து வேலை செய்யும் நேரமும் அந்த முதல் சில மணிதான். நச்சு பற்றி மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் இங்கேதான், பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் கேட்பதற்கும் அவர்கள்தான். அப்புறம், உள்ளே படுத்திருக்கும் பிள்ளையிடம் அன்றைக்கு யாரும் ஏன் செய்தாய் என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: உள்ளே காத்திருக்கும்போது

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு முதல் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பது நோக்கம். அது சரியாக இருந்தால் "ஒன்னும் இல்லையாம், வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற பொருள் ஏறும். ஆனால் ஏற நேரமாகும். அதனால்தான் சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறை ரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் காத்திருப்பே ஒரு பரிசோதனை. இதை விளக்கிச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்காமல் போவதும் உண்மைதான், அதனால் நீங்களே கேளுங்கள்: "எதுக்காகக் காத்திருக்கோம்? அடுத்தது என்ன?"

ஏ.ஓ.ஆர். என்று சொல்வார்களே, சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது, அதைப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த நோயைச் சந்தேகிக்கிறீர்கள், போனால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும். நாளைக்குக் கல்யாண வீடு, கடையைத் திறக்கணும், வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்ற காரணம் எல்லாம் எனக்குப் புரியும். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் சில சமயம் வேறு வழி கிடைக்கும். கையெழுத்துப் போட்டுப் போய்விட்டாலும் திரும்ப வரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருப்பதுதான் பெரிய தவறு.

படி 8: வீட்டுக்கு அனுப்பிய பிறகு

டிங்கியில் நாம் அதிகம் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் உடம்பு குளிர்ந்துவிடும். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீடே மூச்சுவிடும். டிங்கியில் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது, பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதிர்ச்சி நிலைக்குப் போயிருப்பார். அதனால் தினமும் ரத்தம் பார்க்கக் கொடுத்த அட்டையைக் காய்ச்சல் விட்ட பிறகும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், அளவுக்கு மீறிய அசதி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று வந்தாலும் நடு இரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். கிளினிக்கில் ஊசி கேட்டு வாங்காதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு குடிப்பதை நான் தடுக்கப்போவதில்லை, ஆனால் அதைக் குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்றால் முதல் இரவு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கலாம், ஆனால் இடையிடையே எழுப்பிப் பெயரும் இடமும் கேளுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால் திரும்ப அழைத்து வாருங்கள். வார்ஃபரின் போன்ற மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு ரத்தக்கசிவு சில நாள் கழித்துக்கூட வெளிப்படும். வழக்கத்தை விட அமைதியாக இருக்கிறார், சாப்பாட்டில் ஆர்வமில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று விடாமல் கூட்டி வாருங்கள்.

கிளம்பும்போது புது மருந்து எது, நிறுத்த வேண்டியது எது என்று கேட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளை அன்று இரவே திருத்துங்கள். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இரண்டு தாள் ஒட்டியிருந்த வீட்டிலிருந்து, பதற்றத்தில் பழையதை எடுத்துக்கொண்டு வந்த மகனைப் பார்த்திருக்கிறேன். அதில் ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்திய மருந்து இருந்தது.